‘ரெடி’ என்று சொல்வது யார்? சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு முந்தைய கடைசி வாரத்தில் என்ன நடக்கிறது?

2024 அக்டோபர் 1. பைத்தான் 3.13 அன்றுதான் வெளியாகியிருக்க வேண்டும். பல மாதங்களுக்கு முன்பே குறித்துவைத்த தேதி. ஆனால், அன்று வந்தது இறுதிப் பதிப்பு அல்ல. மூன்றாவது ‘ரிலீஸ் கேண்டிடேட்’. முதலில் போட்ட அட்டவணையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 7 அன்று 3.13 வெளியானது. ‘ஆறு நாள் தாமதம்தானே, இதில் என்ன இருக்கிறது?’ என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆறு நாளுக்குப் பின்னால், மென்பொருள் உலகின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேர் ரெடியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்? அதை யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ‘கோ-லைவ்’ காலில் உட்கார்ந்து, ‘இப்போ விட்டுடலாம், அப்புறம் பேட்ச் போட்டுக்கலாம்’ என்ற குரலைக் கேட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்கும் பழக்கமான கேள்விதான். ஒரே வித்தியாசம், கம்பெனிக்குள் இந்த வாக்குவாதம் மூடிய அறையில் முடிந்துவிடும். பைத்தான், லினக்ஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ், அதாவது திறமூல மென்பொருட்களில் எல்லாம் ஊரறிய நடக்கும். அதனால்தான் அங்கிருந்து நாம் கற்றுக்கொள்ள முடிகிறது.

முதலில், ரிலீஸ் கேண்டிடேட் என்றால் என்ன?

சுருக்கமாக ஆர்சி என்பார்கள். ‘புதிதாக எதுவும் தப்பு கண்டுபிடிக்கப்படாவிட்டால், இதையே இறுதிப் பதிப்பாக வெளியிட்டுவிடுவோம்’ என்று சொல்லி வெளியே விடப்படும் பிரதி. கல்யாணச் சமையலில் பந்தி போடுவதற்கு முன்னால், ‘கொஞ்சம் ருசி பார்த்துச் சொல்லுங்க’ என்று பெரியவர் ஒருவருக்கு இலை போடுவார்கள் இல்லையா? அந்த இலைதான் ஆர்சி. அதற்கு மேல் மெனுவை மாற்ற முடியாது. உப்பு குறைவா, காரம் கூடவா என்று மட்டும் பார்க்கலாம்.

வழக்கமான வரிசை இதுதான். ஆல்ஃபா கட்டத்தில் புதிய வசதிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கலாம். பீட்டா தொடங்கியதும் புதிய வசதிகளுக்குக் கதவு மூடப்படும். ஆர்சி கட்டத்தில் பக் திருத்தங்களுக்கு மட்டுமே அனுமதி. அதுவும் இன்னொருவர் சரிபார்த்த பிறகு.

பைத்தானில் இதற்கு மேல் ஒரு வாக்குறுதியும் உண்டு. முதல் ஆர்சி வந்துவிட்டால், பிற லைப்ரரிகள் பைத்தானோடு இணையும் அடிமட்ட அமைப்பு, ஏபிஐ என்று சொல்லப்படுவது, அந்தப் பதிப்பின் ஆயுள் முழுக்க மாறாது. அதை நம்பித்தான் நம்பை, பாண்டாஸ் போன்ற லைப்ரரிகளைப் பராமரிப்பவர்கள் ஆர்சி காலத்திலேயே தங்கள் தொகுப்புகளைத் தயார்செய்ய முடிகிறது. இறுதிப் பதிப்பு வந்த அன்றே உங்கள் ‘பிப் இன்ஸ்டால்’ வேலை செய்கிறதென்றால், யாரோ ஆர்சி சமயத்தில் உழைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பைத்தான் 3.13: கடைசி நேரத்தில் என்ன ஆனது?

3.13 பதிப்பைப் பற்றிய செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டவை இரண்டு. ஒன்று, ஒரே சமயத்தில் பல திரெட்கள் உண்மையாகவே இணையாக ஓட வழிசெய்யும் ‘ஃப்ரீ-திரெடட்’ பதிப்பு. இன்னொன்று, கோடை வேகமாக ஓட்ட உதவும் ஜேஐடி. இரண்டுமே சோதனை முயற்சிகள். வேண்டுமென்று தேடிப்போய் எடுத்தால்தான் கிடைக்கும். சாதாரணமாக நிறுவினால் இரண்டும் அணைந்தே இருக்கும்.

சிக்கல் இவை இரண்டிலும் வரவில்லை. அவ்வளவாக யாரும் பேசாத மூன்றாவது மாற்றத்தில் வந்தது: கார்பேஜ் கலெக்டர்.

புரோகிராம் ஓடும்போது உருவாகும் பொருட்கள் மெமரியில் இடம் பிடிக்கும். ஒரு பொருளை இனி யாரும் பயன்படுத்தவில்லை என்றால் பைத்தான் உடனே அதை அகற்றிவிடும். ஆனால், இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால்? பந்தி முடிந்த பிறகும் ‘அவர் எழுந்தால் நான் எழுகிறேன்’ என்று ஒருவரையொருவர் காட்டிக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போல. அவர்களை எழுப்பி அனுப்புவதுதான் கார்பேஜ் கலெக்டரின் வேலை. 2000-ல் வந்த பைத்தான் 2.0 முதல் இது இருக்கிறது.

பழைய முறையில் ஒரு குறை உண்டு. அவ்வப்போது மொத்த மெமரியையும் ஒரே மூச்சில் பெருக்கும். போகிக்கு வீட்டையே காலிசெய்து சுத்தம் பண்ணுவது போல. அந்த நேரத்தில் புரோகிராம் சற்று நின்றுவிடும். புதிய முறையில், தினமும் ஒரு மூலையைப் பெருக்குவது போல வேலையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துச் செய்யலாம் என்றார்கள். யோசனை நல்ல யோசனைதான். மே மாதம் பீட்டா தொடங்கும் முன்பே அது உள்ளே வந்துவிட்டது. நான்கு பீட்டாக்கள் தாண்டின. ஆகஸ்ட் 1-ல் முதல் ஆர்சி, செப்டம்பர் முதல் வாரத்தில் இரண்டாவது ஆர்சி. பெரிய பிரச்னை எதுவும் தலைதூக்கவில்லை.

இறுதிப் பதிப்புக்குச் சில நாட்களே இருந்தபோதுதான் புகார்கள் வந்தன. ஆவணங்களைத் தயாரிக்கப் பயன்படும் ஸ்பிங்க்ஸ் என்ற டூல், 3.12-ல் ஓடியதைவிட 3.13-ல் கணிசமாக மெதுவாக ஓடியது. தேடிப்பார்த்தால், காரணம் புதிய கார்பேஜ் கலெக்டர்.

கவனியுங்கள், எதுவும் கிராஷ் ஆகவில்லை. தப்பான விடை வரவில்லை. மெதுவாகிறது, அதுவும் சில வகை புரோகிராம்களில் மட்டும். ஒரு ரிலீஸை நிறுத்த இது போதுமா?

முன்னால் இருந்த மூன்று வழிகள்

3.13-ன் ரிலீஸ் மேனேஜர் தாமஸ் வூட்டர்ஸ். அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். இருக்கும் வழிகள் மூன்றுதான்.

முதல் வழி: அப்படியே வெளியிடு, அடுத்த சிறு பதிப்பில் சரிசெய். கேட்க வசதியான வழி. ஆனால், ஒரு பைத்தான் பதிப்பு ஐந்து ஆண்டுகள் வாழும். 3.13-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 அக்டோபர் வரை வரும். மெமரியை நிர்வகிக்கும் விதம் போன்ற அடித்தள விஷயத்தை 3.13.0-ல் ஒரு மாதிரியும் 3.13.2-ல் வேறு மாதிரியும் வைத்தால், ‘சின்ன அப்டேட்தானே’ என்று நம்பிப் போடுகிறவர் நிலை என்ன?

இரண்டாவது வழி: புதிய கலெக்டரை உடனே திருத்து. டெவலப்பர்களுக்கு இயல்பாகவே பிடித்த வழி. கை துறுதுறுவென்று இருக்கும். ஆனால், இத்தனை மாதமும் கண்ணில் படாத ஒரு சிக்கல் ஒரு வாரத்தில் முழுசாகப் புரிந்துவிட்டது என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? அவசரத்தில் போடும் திருத்தத்தைச் சோதிக்கவும் நேரம் கிடையாது.

மூன்றாவது வழி: புதியதை எடுத்துவிட்டு, 3.12-ல் இருந்த பழைய கலெக்டரையே திரும்ப வைப்பது. அதன் குறைகள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த குறைகள் என்பதே அதன் பலம்.

வூட்டர்ஸ் மூன்றாவதை எடுத்தார். ஆனால் இதிலும் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடைசி நேரத்தில் ஒன்றை எடுப்பதும் ஒரு மாற்றம்தான். புதிய கலெக்டர் உள்ளே வந்த பிறகு மாதக்கணக்கில் மற்ற கோட்கள் அதன் மீது எழுதப்பட்டிருக்கின்றன. செங்கல்லை உருவினால் சுவர் நிற்குமா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் திட்டத்தில் இல்லாத அந்த மூன்றாவது ஆர்சி. அதற்குத்தான் ஆறு நாள்.

புதிய கலெக்டர் குப்பைக்குப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் வந்த 3.14 பதிப்பில் அதை மறுபடியும் சேர்த்தார்கள். நல்ல யோசனையாக இருப்பது வேறு, இந்த ரிலீஸுக்கு ரெடியாக இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாததுதான் இந்த முடிவின் சாரம்.

கோடில் தப்பே இல்லை, ஆனாலும் உடைந்தது: லினக்ஸ் 5.3

உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல். அதன் ரிலீஸ் முறை பைத்தானைவிட வேகமானது. முதல் இரண்டு வாரம் புதிய கோடுகளைச் சேர்ப்பார்கள். பிறகு வாரம் ஒரு ஆர்சி, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஏழாவது ஆர்சிக்குப் பிறகு இறுதிப் பதிப்பு என்பது வழக்கம். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்றால் லினஸ் டோர்வால்ட்ஸ் எட்டாவதும் போடுவார். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் குறைபாடுகள் வெளியான சமயத்தில் 4.15 பதிப்புக்கு ஒன்பதாவது ஆர்சி வரை போய், 2018 ஜனவரி 28-ல்தான் வெளியிட்டார்.

அவர் எடுத்த முடிவுகளில் சுவாரஸ்யமானது 2019-ல் வந்த 5.3 பதிப்பில் இருக்கிறது. எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஒரு சின்ன மேம்பாடு செய்திருந்தார்கள். டிஸ்க்கை அடிக்கடி தொந்தரவு செய்யாமல், கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பும் வேலை. வேகம் கூடியது. கோடில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் சில கம்ப்யூட்டர்கள் ஆன் ஆகும்போது பாதியிலேயே நின்றன!

ஏன்? பாஸ்வேர்ட், என்கிரிப்ஷன் போன்றவற்றுக்கு யாராலும் யூகிக்க முடியாத எண்கள் தேவை. அந்த ‘யூகிக்க முடியாத தன்மை’யை கெர்னல் எங்கிருந்து எடுக்கிறது? டிஸ்க் எப்போது பதில் சொல்கிறது என்பது போன்ற, வன்பொருளின் ஒழுங்கற்ற நேர இடைவெளிகளில் இருந்து. புதிய மேம்பாட்டால் டிஸ்க்குக்குப் போகும் கோரிக்கைகள் குறைந்தன. அதனால் சேகரிக்க வேண்டிய ‘ஒழுங்கின்மை’யும் குறைந்தது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும் நேரத்திலேயே அப்படி ஓர் எண்ணைக் கேட்ட ஒரு புரோகிராம், அது கிடைக்கும்வரை காத்துக்கொண்டே நின்றது. அதோடு கம்ப்யூட்டரும் நின்றது.

இதில் யார் மீது தப்பு? ஃபைல் சிஸ்டம் எழுதியவர் மீது இல்லை. ஆன் ஆகும்போதே ராண்டம் எண் கேட்ட அந்த புரோகிராம் மீது தப்பு என்று வாதாடலாம். டோர்வால்ட்ஸ் அந்த வாதத்துக்குள் நின்றுகொண்டிருக்கவில்லை. கெர்னலை அப்டேட் செய்ததால் ஒருவருடைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால், காரணம் எதுவானாலும் அது கெர்னலின் பிரச்னை. இதுதான் அவர் பல ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருக்கும் விதி. 2019 செப்டம்பர் 15-ல் 5.3-ஐ வெளியிடுவதற்குச் சற்று முன்னால் அந்த மேம்பாட்டை எடுத்துவிட்டார். எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இது ஒரு பாடம் என்ற தொனியில் ரிலீஸ் அறிவிப்பிலேயே அதைப் பற்றி எழுதினார்.

அடுத்த 5.4 பதிப்பில், ராண்டம் எண்களுக்கான ஒழுங்கின்மையைக் கெர்னல் தானாகவே உருவாக்கிக்கொள்ள வழிசெய்தார்கள். பிறகு எக்ஸ்ட்4 மேம்பாடும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

பைத்தான் கதையும் லினக்ஸ் கதையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. கடைசி வாரத்தில் சந்தேகம் வந்தால், சரிசெய்ய முயல்வதைவிட எடுத்துவைப்பது நல்லது. இரண்டிலுமே, எடுத்துவைத்த விஷயம் அடுத்த ரயிலில் ஏறி வந்து சேர்ந்தது. அடுத்த ரயில் எப்போது வரும் என்று தெரிந்தால்தான் இந்த ரயிலை விடவும் மனசு வரும்.

சரி, முடிவை எடுப்பது யார்?

ஒவ்வொரு திட்டமும் ஒரு மாதிரி. லினக்ஸ் கெர்னலில் கடைசி வார்த்தை டோர்வால்ட்ஸுடையது. பைத்தானில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ரிலீஸ் மேனேஜர். பலரும் கருத்துச் சொல்லலாம், ஆனால் பொறுப்பு அவருடையது.

ஃபெடோரா லினக்ஸில் ‘கோ / நோ-கோ’ என்றே ஒரு கூட்டம் உண்டு. தரச் சோதனை, ரிலீஸ் பொறியியல், டெவலப்மென்ட் என ஒவ்வொரு தரப்பும் ‘கோ’ சொல்ல வேண்டும். எந்த பக் ரிலீஸைத் தடுக்கும், எது தடுக்காது என்பதற்கான அளவுகோல்களை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். ‘இது ரிலீஸைத் தடுக்க வேண்டிய பக்’ என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம்.

டெபியன் இன்னும் கறார். ‘கிரிட்டிக்கல்’, ‘கிரேவ்’, ‘சீரியஸ்’ என்ற மூன்று தர பக்குகளை ‘ரிலீஸ்-கிரிட்டிக்கல்’ என்கிறார்கள். அவற்றின் எண்ணிக்கை போதுமான அளவுக்கு இறங்கினால்தான் ரிலீஸ். தேதியை வைத்து வேலை இல்லை, வேலையை வைத்துத்தான் தேதி.

எந்த முறை சிறந்தது என்று பட்டிமன்றம் வைக்கலாம். ஆனால் நான்குக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. ‘எது தடுக்கும்’ என்ற விதி, நெருக்கடி வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது அல்லது ஊருக்கே தெரிந்திருக்கிறது. கடைசி நாள் ராத்திரியில், களைத்துப்போன பத்து பேர் சேர்ந்து ‘இந்த பக் பரவாயில்லையா?’ என்று முதல் முறையாக யோசித்தால், பதில் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்றுதான் வரும்.

அப்போ தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாமா?

அதுவும் இல்லை. தாமதத்துக்கும் விலை உண்டு.

டெபியனையே எடுத்துக்கொள்வோம். அதன் ‘வூடி’ பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த ‘சார்ஜ்’ பதிப்பு 2005 ஜூனில். கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள்! நடுவில் 2004 அக்டோபரில், டெபியனையே அடிப்படையாக வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் என்ற உறுதியோடு உபுண்டு வந்தது. புதிய வசதிகளுக்காகக் காத்திருந்தவர்களுக்கு வேறு வீடு கிடைத்துவிட்டது.

2022-ல் ஃபெடோராவுக்கு இன்னொரு மாதிரி சோதனை. அக்டோபர் கடைசியில், 37-வது பதிப்பு தயாராகிக்கொண்டிருந்த நேரம். ‘நவம்பர் 1-ல் ஒரு மிக முக்கியமான பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிடப்போகிறோம்’ என்று ஓப்பன்எஸ்எஸ்எல் குழு அறிவித்தது. உலகின் பாதி இணையப் பாதுகாப்பு அதன் தோளில்தான் இருக்கிறது. ஓட்டை என்ன என்பது அப்போது வெளியே யாருக்கும் தெரியாது. ‘கிரிட்டிக்கல்’ என்று மட்டும் சொன்னார்கள்.

ஃபெடோரா ரிலீஸை நவம்பர் 15-க்குத் தள்ளிவைத்தது. நவம்பர் 1 வந்தது. ஓட்டைகள் இரண்டு. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. தீவிரத்தை ‘கிரிட்டிக்கல்’ என்பதிலிருந்து ‘ஹை’ என்று ஓப்பன்எஸ்எஸ்எல் குழுவே குறைத்துவிட்டது.

அப்போ ஃபெடோரா எடுத்த முடிவு தப்பா? இல்லை என்றே சொல்ல வேண்டும். மழை வரும் என்று வானிலை மையம் சொன்னதால் குடை எடுத்துப் போனீர்கள், மழை வரவில்லை. குடை எடுத்தது தப்பாகிவிடுமா? ஒரு முடிவு சரியா என்பதை, அதை எடுத்த நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் எடைபோட வேண்டும். பின்னால் நடந்ததை வைத்து அல்ல. இது புரியாத அலுவலகங்களில், ஒரு முறை ‘வீணாக’ தள்ளிப்போட்டவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்.

சோதனை எல்லாம் பாஸ், ஆனாலும் பொறி

ஆர்சி முறைக்கே சவால் விட்ட சம்பவம் ஒன்று உண்டு. 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் வேண்டுமென்றே ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளிப்படுத்தினார். சர்வருக்குள் லாகின் செய்ய சுமார் அரை நொடி கூடுதலாக ஆனதைக் கவனித்து, விடாமல் துருவியதால் கிடைத்த கண்டுபிடிப்பு அது.

இதில் ரிலீஸ் தொடர்பான பாடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சதியின் முக்கியமான ஒரு துண்டு, எல்லோரும் பார்க்கும் கோட் களஞ்சியத்தில் இல்லை. ரிலீஸுக்காகத் தயாரித்து வெளியிட்ட தொகுப்பில் மட்டுமே இருந்தது. அதாவது, எல்லோரும் படித்தது ஒன்று, கைக்கு வந்து சேர்ந்தது இன்னொன்று. ருசி பார்த்த பாத்திரம் வேறு, பந்திக்கு வந்த பாத்திரம் வேறு.

அப்போதும் படிப்படியான ரிலீஸ் முறைதான் ஓரளவு காப்பாற்றியது. பாதிக்கப்பட்ட எக்ஸ்இசட் பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளுக்கும் வந்திருந்தன. டெபியனின் நிலையான பதிப்புக்குப் போய்ச் சேரவில்லை. உபுண்டு 24.04-ன் பீட்டா ஏப்ரல் 4-ல் வர வேண்டியது. எல்லாத் தொகுப்புகளையும் சுத்தமான சூழலில் மீண்டும் உருவாக்குவதற்காக ஒரு வாரம் தள்ளிவைத்து ஏப்ரல் 11-ல் வெளியிட்டார்கள்.

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஓப்பன் சோர்ஸுக்கு வெளியே ஓர் உதாரணம் நமக்கே நினைவிருக்கும். 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரே ஓர் அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அப்டேட், முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்து விரிவாக்கும் முறையில் அனுப்பப்படவில்லை. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போனது.

‘ரெடியா?’ என்று கேட்க ஐந்து கேள்விகள்

இந்தக் கதைகளில் இருந்து, உங்கள் அடுத்த ரிலீஸ் காலுக்கு எடுத்துச் செல்லக்கூடிய கேள்விகள் இவை.

1. மாற்றங்கள் குறைந்துகொண்டே வருகின்றனவா? ஒவ்வொரு ஆர்சியிலும் திருத்தங்களின் எண்ணிக்கை இறங்கினால் நல்ல அறிகுறி. கடைசி வாரத்தில் ஏறினால், தேதி நெருங்கியிருக்கிறதே தவிர ரிலீஸ் நெருங்கவில்லை.

2. பாதிப்பு யாருக்கு? கேட்டு வாங்கியவருக்கா, எல்லோருக்குமா? 3.13-ல் ஜேஐடி அணைந்திருந்தது, அதனால் ரிஸ்க் குறைவு. கார்பேஜ் கலெக்டர் எல்லோருக்கும் ஓடியது. தலைப்புச் செய்தியில் வரும் வசதியைவிட, சத்தமில்லாமல் எல்லோர் தலையிலும் இறங்கும் மாற்றத்தைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும்.

3. பழைய பக்கா, புதிய பக்கா? பழைய பதிப்பிலும் இருந்த குறை என்றால் மக்கள் அதோடு வாழப் பழகியிருப்பார்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால்தான் நம்பிக்கை போகும்.

4. வெளியிட்ட பிறகு திரும்ப எடுக்க முடியுமா? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் குழு, 15-வது பதிப்பில் வரவிருந்த எஸ்க்யூஎல்/ஜேசன் வசதிகளை, 2022 அக்டோபர் ரிலீஸுக்குச் சில வாரங்கள் முன்பு மொத்தமாக எடுத்துவிட்டது. ஒரு கட்டளையை ஊரே எழுதத் தொடங்கிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. அந்த வசதிகளில் ஒன்றான ஜேசன் டேபிள், 2024-ல் 17-வது பதிப்பில்தான் வந்தது. திரும்ப எடுக்க முடியாத விஷயத்துக்கு அளவுகோல் கடுமையாகத்தான் இருக்க வேண்டும்.

5. சோதித்ததும் அனுப்புவதும் ஒன்றுதானா? எக்ஸ்இசட் கற்றுக்கொடுத்த கேள்வி. ஆர்சியைச் சோதித்துவிட்டு, ‘சின்னதா ஒரே ஒரு மாற்றம்’ சேர்த்து அனுப்பினால், அனுப்புவது யாரும் சோதிக்காத பொருள்.

ஏன் எல்லாம் கடைசி வாரத்தில் வெளியே வருகிறது?

இதுதான் நம்மை நேரடியாகத் தொடும் இடம். பைத்தான் 3.13-ன் புதிய கார்பேஜ் கலெக்டர், பீட்டா தொடங்கியதில் இருந்து செப்டம்பர் கடைசி வரை நான்கு மாதத்துக்கும் மேல் யார் வேண்டுமானாலும் டவுன்லோடு செய்து பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது. ஆனாலும் விஷயம் ரிலீஸுக்குச் சில நாட்கள் முன்புதான் கவனத்துக்கு வந்தது.

காரணம் எளிது. ‘பீட்டாவா? நமக்கெதுக்கு வம்பு. ஃபைனல் வரட்டும், அதுவும் ஒரு பாயின்ட் ரிலீஸ் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் இருக்கின்றன. புரொடக்‌ஷனுக்கு அது நியாயமான ஜாக்கிரதை. ஆனால் எல்லோரும் அப்படியே இருந்தால், ருசி பார்க்க இலை போட்டும் யாரும் உட்காரவில்லை என்றாகிவிடும். உப்பு இல்லை என்பது முதல் பந்தியில்தான் தெரியும்.

ரிலீஸ் மேனேஜர் முன்னால் இருக்கும் திரையில் இரண்டு வகை அமைதியும் ஒரே மாதிரிதான் தெரியும். எல்லோரும் சோதித்து, பக் எதுவும் கிடைக்காததால் வரும் அமைதி ஒன்று. யாருமே சோதிக்காததால் வரும் அமைதி இன்னொன்று. எது எது என்று பிரித்துச் சொல்ல அவரிடம் கருவி கிடையாது. ‘நாங்கள் ஓட்டிப் பார்த்தோம், பிரச்னை இல்லை’ என்று யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். இந்தப் பொறுப்புகளில் பலவும் தன்னார்வப் பணி என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த பைத்தான் மீதும் லினக்ஸ் மீதும் கோடிக்கணக்கில் தொழில் செய்யும் நிறுவனங்கள், ஆர்சி காலத்தில் ஒரு சர்வரைக்கூட அதற்கு ஒதுக்குவதில்லை என்றால், தப்பு ரிலீஸ் மேனேஜரிடம் இல்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரிதாக எதுவும் வேண்டாம். பைத்தானின் முதல் ஆர்சி வழக்கமாக ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வருகிறது. உங்கள் டீமின் தானியங்கிச் சோதனைப் பட்டியலில் அந்த ஆர்சியையும் ஒரு வரியாகச் சேருங்கள். தோல்வி அடைந்தாலும் வேலையைத் தடுக்காதபடி வைத்துக்கொள்ளலாம். பாஸ் ஆகிறதா என்று மட்டும் பார்க்காமல், எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றும் பாருங்கள். 3.13-ல் பிடிபட்டது நேரம்தான், பிழை அல்ல.

மெதுவாகத் தெரிந்தால், சுருக்கமான ஓர் உதாரணத்தோடு பக் ரிப்போர்ட் போடுங்கள். ‘இது எனக்கு மட்டும்தானோ’ என்று தயங்க வேண்டாம். அதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. ஆகஸ்டில் வரும் ஒரு புகாரைச் சரிசெய்ய இரண்டு மாதம் இருக்கும். அதே புகார் செப்டம்பர் 28-ல் வந்தால், ஒரு வசதியையே எடுக்க வேண்டியிருக்கும். அக்டோபர் 8-ல் வந்தால், அது உங்கள் சர்வரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.